பிடியரிசிக் கூழ்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, சட்டைக் கையையோ ரவிக்கைக் கையையோ கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அம்மை குத்தின தழும்பு. நமக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு அது கிடையாது. அதனால் அந்தப் பயமும் கிடையாது. என் மருமகள் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் யாராவது சூடு போட்டார்களா அத்தை என்று கேட்டாள். ஆமாம், சர்க்கார் போட்டது என்றேன்.

அதைத் தடவும்போதெல்லாம் எனக்கு ஒரு லெந்து காலம் ஞாபகம் வரும். லெந்து என்றால் ஈஸ்டருக்கு முன்னால் வருகிற உபவாச நாட்கள். கல்யாணம் நடக்காது, தலையில் பூ வைக்கக் கூடாது, கறி சமைக்கக் கூடாது. கறி எங்கள் வீட்டில் மற்ற மாதங்களிலும் கிடையாதுதான். லெந்தில் மட்டும் அதற்குக் கடவுள் பெயரைச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது எங்கள் சேரி. இப்போது அந்த இடத்தில் இரும்பு உருக்குகிற தொழிற்சாலையின் மதில் ஓடுகிறது. அப்போது சுற்றிலும் ஆண்டையின் நிலம். பெரியவர்கள் எல்லோருக்கும் அதில்தான் வேலை. சேரியில் பாதி வீடு எங்களைப் போல வேதக்காரர் வீடு, பாதி வீடு மாரியம்மன் வீடு. ஞானஸ்நானம் வாங்கினது எங்களுக்கு முந்தின தலைமுறையில்தான் என்பதால் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்தான். சாமி வேறாகிவிட்டாலும் சண்டையும் சாவும் ஒன்றாகவே நடந்தன.

கோயில் என்று நாங்கள் சொன்னது ஓலைக் கூரை போட்ட மண்சுவர்ச் சபை. ஐயர், அதாவது குருவானவர், மாதத்துக்கு ஒரு முறை ரயிலில் வந்து இறங்குவார். அவர் வராத ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவார். வார நாட்களில் அதே கூரைக்குக் கீழே எங்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பவரும் அவரே. மெலிந்த மனிதர். மணி இல்லாத சைக்கிள் வைத்திருந்தார். தூரத்தில் வரும்போதே இருமுவார், நாங்கள் வழி விடுவோம்.

பிடியரிசி உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும். உலை வைக்கிறபோதெல்லாம், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போடவேண்டும். அது கர்த்தருடைய பங்கு. அரிசி பொங்காத நாளில் கேழ்வரகில் ஒரு பிடி. அதற்கும் பெயர் பிடியரிசிதான். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வரிசையாக முன்னால் போய்ப் பெரிய கூடையில் கொட்டுவார்கள். கொட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசி அரிசியும் விழவேண்டும் என்று டப்பாவின் அடியில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அந்த டொக் டொக் சத்தம் எனக்குப் பாட்டைவிடப் பிடிக்கும். எங்கள் டப்பா மிஷன் பால் பவுடர் வந்த தகர டப்பா. மூடியை மோந்து பார்த்தால் வெகுநாள் வரைக்கும் இனிப்பாக ஒரு வாசனை இருந்தது. நான் பலமுறை மோந்து பார்த்திருக்கிறேன்.

அம்மா பிடியரிசி போடுகிறபோது ஒன்று சொல்வாள். கையை டப்பாவுக்குமேல் விரித்து, "இது உனுக்கு" என்பாள். அவ்வளவுதான் ஜெபம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உபதேசியார் சொல்கிற நீண்ட ஜெபங்களில் அவள் ஆமென் மட்டும் சொல்லுவாள். ஆனால் தண்ணீர் இறைக்கும்போதும், நாற்று முடியைச் சுமக்கும்போதும் ஏசப்பாவிடம் பேசிக்கொண்டே இருப்பாள். "இன்னா வெயில் உட்டுக்கினு கீற? கொஞ்சம் மேகத்த தள்ளேன்" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். நைனாவுக்கு இது பிடிக்காது. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிட்டோம், ஆந்திரா எல்லை பக்கத்தில் இருக்கிறதல்லவா. "சாமிகிட்ட இப்டியா பேசுவாங்க? மரியாதி வோணாம்?" என்பார். பக்கத்திலேயே இருக்கிறவரை எத்தனை முறை வாங்க போங்க என்று சொல்வது என்று அம்மா சிரிப்பாள்.

சிரிக்கும்போது முகத்தில் இருந்த குழிகள் ஆழமாகத் தெரியும். சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. இதை மறந்துவிடாதீர்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

அந்த லெந்தில் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கடம்பத்தூர், ரயில்வேயில் கலாசி. ஆண்டை நிலத்தில் காலை வைக்காமல் சம்பளம் வாங்குகிற முதல் மாப்பிள்ளை எங்கள் குடும்பத்துக்கு. அவனுடைய அப்பா அங்கே சபை மூப்பர். பெண் பார்க்க வந்தவர் அக்காவைப் பார்த்ததைவிட உபதேசியாரோடு பேசினதுதான் அதிகம். சபைக்கு அடங்கின குடும்பமா, ஞாயிறு தவறாமல் வருகிறார்களா, நற்கருணைக்கு வருகிறார்களா என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஈஸ்டர் அன்று எங்கள் கோயிலிலும் அவர்கள் கோயிலிலும் முதல் ஓலை வாசிப்பதாகப் பேச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையில் ஞாயிறுதோறும் வாசிப்பதுதான் ஓலை. அது வாசிக்காமல் எங்களில் கல்யாணம் கிடையாது. அக்கா அந்த ஈஸ்டருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நாற்றங்காலில் குனிந்தவள் நிமிரப்போகிறாள் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டது.

அவர்கள் மாரியம்மன் வீடு. அந்த வீட்டுக்காரியை நான் அத்தை என்பேன். அவள் புருஷன் கூடூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிருந்தான். அத்தை வாசலில் வேப்பிலை செருகினாள், தட்டியை இழுத்துக் கட்டினாள். அவ்வளவுதான். அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது. நெருப்பு கேட்கக் கூடாது, உப்பு கொடுக்கக் கூடாது. வேலைக்குப் போகாமல் கூலி எங்கே வரும்? கூலி இல்லாமல் அடுப்பு எங்கே எரியும்? இரண்டு நாளாக அந்தக் கூரையிலிருந்து புகை வரவில்லை என்பதை சேரியே பார்த்தது. பார்த்துவிட்டு வேலைக்குப் போனது. பயம் அப்படி. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா எழுந்து போனாள். "எனக்கு வந்துட்டுப் போன ஒடம்பு. மறுபடி வராது. நீ இங்கியே நில்லு" என்று என்னை வேலி ஓரத்தில் நிறுத்தினாள். கையில் பால் பவுடர் டப்பா. வீட்டில் வேறு அரிசி இல்லை, அதுதான் விஷயம். கூலி நெல் தீர்ந்து நாங்களே களி தின்றுகொண்டிருந்தோம். இருந்த அரிசியெல்லாம் கர்த்தருடைய டப்பாவில்தான் இருந்தது.

அத்தை தட்டிக்கு வெளியே ஒரு மண்சட்டியை வைத்தாள். அம்மா டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் இரண்டு தட்டு, டொக் டொக். பிறகு சட்டிக்குமேல் கையை விரித்து, "இது உனுக்கு" என்றாள். அத்தை தன்னிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டு அழுதாள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு, அன்றன்றைய பிடியையும் எடுத்துக்கொண்டு தினமும் போனாள். தட்டிக்கு உள்ளேயும் போனாள். பையனுக்கு வேப்பிலையால் விசிறினாள், நுங்குத் தண்ணீர் கொடுத்தாள், அத்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்ததும் கொல்லையிலேயே குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவாள். ஈரப் புடவையோடு அவள் வரும்போது வேப்பிலை வாசனையும், அந்த நோயின் வாசனையும் சேர்ந்து வரும். அந்த வாசனை எப்படி இருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா வீட்டில் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மற்றப் பெண்களோடு வரிசையில் போய், காலி டப்பாவைக் கூடைக்குமேல் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. வெறும் தகரத்தின் சத்தம் வேறு மாதிரி இருக்கும். கோயில் முழுக்கக் கேட்டது. உபதேசியார் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறும் அதே சத்தம். அதற்கடுத்ததும். மகள் கல்யாண விருந்துக்குக் கர்த்தருடைய அரிசியைச் சேர்த்துவைக்கிறாள் என்று பேச ஆரம்பித்தார்கள். உபதேசியார் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார்.

"என்னம்மா, கஷ்டமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அய்யா. குடுத்தாச்சு" என்றாள் அம்மா.

"எங்கே குடுத்தீங்க?"

நைனா உள்ளேயிருந்து தொண்டையைச் செருமினார். உபதேசியார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தப் பிடியரிசியில்தான் அவர் குடும்பம் சாப்பிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. சம்பளம் என்று மிஷனிலிருந்து ஏதோ வரும், வராமலும் இருக்கும். வீட்டில் வயிறு காயாத மனிதர் ஒருவேளை வேறு விதமாகக் கேட்டிருப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதினால் அது அநியாயம்.

பையன் பிழைத்துக்கொண்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாவது தண்ணீர் முடிந்ததும் அத்தை அம்மனுக்குக் கூழ் வார்த்தாள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் காலை அது. வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசின கல், அதன் முன்னால் பெரிய பானை. கேழ்வரகு மாவோடு நொய் போட்டுக் காய்ச்சினால்தான் கூழ் கூழாக இருக்கும். அந்த நொய்க்கு, எங்கள் அம்மா கொடுத்ததிலிருந்து மிச்சம் பிடித்து வைத்திருந்த அரிசியை அத்தை உரலில் இடித்திருந்தாள். சேரியே கூடிவிட்டது. பயம் போனதும் ஜனங்களுக்குத்தான் எவ்வளவு அன்பு.

கற்பூரம் காட்டி முடித்ததும் அத்தை முதல் சொம்பை மொண்டாள். கூட்டத்தைப் பார்த்தாள். எங்கள் வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அத்தை நேராக அவளிடம் வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த கூழு வேதக்கார அக்கா குடுத்த அரிசி. கோயிலுக்குன்னு எடுத்து வெச்ச அரிசி. அத தின்னுதான் எம்புள்ள பொயச்சிக்கீறான். என் ஆத்தாளுக்கு மொத கூழு இவங்க அரிசிதான். ஆத்தாளுக்கு அப்புறம் மொத சொம்பு இவங்களுக்குத்தான்" என்றாள்.

அவள் நன்றி சொன்னாள். உலகத்தில் அவளிடம் இருந்த ஒரே மரியாதையை அம்மாவுக்குச் செய்தாள். தெருவில் ஒரு இருமல் கேட்டது. உபதேசியார் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நாளைக்குக் கட்டவேண்டிய குருத்தோலை பின்னால் கட்டியிருந்தது.

அம்மா அவரைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை நீட்டின சொம்பிலிருந்து கூழ் வழிந்தது. வாங்கிக் கீழே வைத்திருக்கலாம். அப்புறம் குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பரிசுத்த வாரம் என்று பெயர். பெரிய வெள்ளிக்கு ஐயர் வந்தார், ஈஸ்டர் வரைக்கும் தங்கினார். சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் நற்கருணைக்கு வருகிறவர்களை விசாரிக்கிற ஆயத்தக் கூட்டம். எங்களைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். நைனா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன், யாரும் விரட்டவில்லை.

ஐயர் நல்ல வெள்ளை அங்கி போட்டிருந்தார். குரலை உயர்த்தாத மனிதர்.

"உபதேசியார் சொல்வது உண்மையா அம்மா?"

"ஆமாங்க அய்யரே."

"கர்த்தருக்கென்று பிரித்துவைத்ததை எடுத்துக் கொடுத்தீர்கள். பசித்தவருக்குக் கொடுத்தீர்கள், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது. தெரிந்தும் நீங்கள் குடித்தீர்கள்."

"ஆமாங்க."

"குடிக்காமல் இருந்திருக்கலாமே."

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அவ மொகத்த பாத்தாக்கா முடியலீங்க" என்றாள்.

உபதேசியார் குனிந்தபடியே சொன்னார்: "சபையில பாதிப் பேர் இன்னும் ஒரு கால் அங்க, ஒரு கால் இங்கன்னுதான் இருக்காங்க. இத விட்டா நாளைக்கு ஆளாளுக்கு அம்மன் கோயில் கூழுக்குப் போவாங்க. நான் எந்த முகத்தோட பிரசங்கம் பண்றது?" அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் சைக்கிள் டயரைக் கிழிக்கவேண்டும்போல இருந்தது எனக்கு.

ஐயர் தீர்ப்பைச் சொன்னார். நாளைக்கு ஆராதனையில் அம்மா சபைக்கு முன்னால் நின்று, செய்தது பாவம் என்று அறிக்கை செய்து மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டால் அன்றைக்கே நற்கருணை, அன்றைக்கே மகளுக்கு ஓலை. இல்லையென்றால் சபை விலக்கு. விலக்கப்பட்ட வீட்டுக்கு ஓலை வாசிக்க முடியாது. கடம்பத்தூருக்கு அவரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நைனா துண்டை உதறினார். "சொல்லிட்டு வந்துடு. இன்னா, நாலு வார்த்த. வாய்தானே, தேஞ்சா போவும்?"

"வாய்தான்யா" என்றாள் அம்மா. "ஆனா எங்க நின்னுக்கினு சொல்றது? ஏசப்பா எதிர்லல்ல?"

"அவுருக்குத் தெரியாதா உன் மனசு?"

"தெரியும். அதான் பேஜாரு."

அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "அந்தப் புள்ளைக்கு அரிசி குடுத்த. அவளுக்காக கூழு குடிச்ச. எனுக்காக ஒரு வார்த்த சொல்லமாட்ட இல்ல?" என்றாள். "சரி உடு. நான் நாத்து நட்டுக்கினே கெடக்கறேன்."

அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். அவள் வழக்கமாக ஏசப்பாவோடு பேசுகிற இடம் அது, கிணற்றடி. நான் கதவோரம் நின்று கேட்டேன். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ராட்டினம் மட்டும் கிறீச்சிட்டது. தேவையே இல்லாமல் ஒவ்வொரு வாளியாக இறைத்து இறைத்துக் கீழே கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டர் காலை. கோயிலுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள், சுண்ணாம்பு வாசனை தொண்டையில் இறங்கியது. அக்கா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிரசங்கம் முடிந்தது. ஐயர் அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அம்மா எழுந்து முன்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். யாரோ ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள். அக்காவின் நகம் என் தோலில் இறங்கியது. எனக்கு அம்மா சொல்லவேண்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது. அந்த வயதில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆசைப்படுவது பெரிய கஷ்டம்.

"கர்த்தருக்கு வெச்சத எடுத்து வேற சாமிக்குக் குடுத்தேன்" என்று ஆரம்பித்தாள் அம்மா. நிறுத்தினாள். எங்கள் பக்கம் திரும்பினாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு பீடத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தபடி, "அது பாவம். சபையார் என்னை மன்னிக்கணும்" என்றாள்.

கோயில் முழுக்க மூச்சு விட்டது. ஐயர் அவள் தலைமேல் கை வைத்து ஜெபம் செய்தார். ஓலை வாசித்தார். அக்காவின் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அந்த மண்சுவரில் மோதி வந்தன. தடை ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை. அக்கா என் கையை விட்டாள். நாலு நகக்குறி இருந்தது.

பிறகு நற்கருணை. ஐயர் இரக்கமுள்ளவர், அம்மாவைத்தான் முதலில் அழைத்தார். அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். நைனா மெதுவாக, "போ" என்றார். அவள் போகவில்லை. கடைசியில் ஐயர் அடுத்தவரை அழைத்தார்.

அதற்குப் பிறகு அம்மா எந்த நற்கருணைக்கும் போகவில்லை. கோயிலை விடவும் இல்லை. சனிக்கிழமைதோறும் அதைப் பெருக்கி மெழுகியது அவள்தான். பிடியரிசி ஒரு வாரம் தவறவில்லை. ஆனால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற நேரத்தில், கதவோரப் பாயில் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள். ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு கூழுக்கு இத்தனை வருஷமாக மனம் நொந்துகொண்டிருக்கிறாளே என்றார்கள். அந்த ஐயர் பக்கத்துச் சபைகளில் போய் அவளைப் பற்றிப் பிரசங்கமே செய்தார். உண்மையான மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்பதற்கு அவள்தான் உதாரணம். பிறகு வந்த ஐயர்மார்களும் அதையே சொன்னார்கள். அக்கா கடம்பத்தூரிலிருந்து பண்டிகைக்கு வந்தால், அம்மாவைத் தாண்டி முன்னால் போய் நற்கருணை வாங்குவாள். திரும்பி வரும்போது, "இன்னுமாம்மா அந்தக் கூழ மறக்கல?" என்று சலித்துக்கொள்வாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு ஆடியிலும் பக்கத்து வீட்டு அத்தை, மூடி போட்ட சட்டியில் அம்மன் கூழைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து வைப்பாள். ஒவ்வொரு ஆடியிலும் அம்மா அதைக் குடித்தாள். வெங்காயம் கடித்துக்கொண்டு, ருசித்துக் குடித்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கூழுக்காக வருந்துகிறவள் கூழைக் குடிப்பாளா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண் முன்னால் நடக்கிறதைவிடக் காதில் விழுந்த கதையைத்தானே நாம் நம்புகிறோம். எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது இதை எழுதும்போது.

ஆண்டை நிலத்தைத் தொழிற்சாலைக்கு விற்றார். சேரியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். அந்த மாற்றலில் பால் பவுடர் டப்பா எங்கோ போய்விட்டது. நைனா போனார். உபதேசியார் அதற்கு முன்பே இருமி இருமிப் போயிருந்தார். அவர் காரியத்துக்கு அம்மாதான் முதல் ஆளாக அரிசி கொண்டுபோனாள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அக்கா வந்து என்னோடு இருந்தாள். புது ஐயர் ஒருவர், சின்ன வயது, ஸ்கூட்டரில் நற்கருணைப் பெட்டியோடு வந்தார். அம்மா வேண்டாம் என்பாள் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தோம். அவர் ஜெபம் செய்துவிட்டுப் போகத்தான் எழுந்தார்.

"குந்து அய்யரே" என்றாள் அம்மா. "ஒண்ணு சொல்லணும். நான் கோயில்ல பொய் சொல்லிக்கீறேன்."

"என்ன பொய்யம்மா?"

"ஒரு புள்ளைக்கு அம்ம போட்டுச்சி. பிடியரிசிய எடுத்துக் குடுத்தேன். அவங்க அதுல அம்மனுக்கு கூழு வாத்தாங்க, நானும் குடிச்சேன். அது பாவம்னு உயிர்த்த பண்டிகை அன்னிக்கு சபையில நின்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்." மூச்சு வாங்கினாள். "பாவம்னு நான் நெனைக்கல. அன்னிக்கும் நெனைக்கல, இன்னிக்கும் நெனைக்கல. ஏசப்பாகிட்டதான் குடுத்தேன். அவுரு வாங்கிக்கினாரு. அவுரு எதிர்லயே நின்னுக்கினு, குடுத்தது தப்புன்னு பொய் சொல்லிட்டேன். பொண்ணு கண்ணாலத்துக்காவ சொன்னேன். அந்த வாயில அவுரு அப்பத்த எப்டி வாங்கறது?"

எல்லோரும் அந்த அப்பத்தை வாங்கினோமே, எந்த வாயால் வாங்குகிறோம் என்று ஒரு நாளாவது யோசித்தோமா? கோயில் அவளை விலக்கவில்லை. சடங்கை எங்கள் எல்லோரையும்விடப் பெரிதாக நினைத்தவள் அவள்தான், அதனாலேயே அத்தனை வருஷம் பட்டினி கிடந்தாள்.

அந்தச் சின்ன ஐயர் அரிசியைப் பற்றியோ கூழைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பொய்யைக் கர்த்தர் மன்னித்தார் அம்மா" என்றார். பெட்டியைத் திறந்தார். அம்மா இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். அப்பத்தை வாயில் வைத்து வெகுநேரம் மென்றாள்.

அடுத்து ஐயர் அக்காவின் பக்கம் திரும்பினார். ஒரு பண்டிகையைத் தவறவிடாத அக்கா, மூப்பர் வீட்டு மருமகள், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அப்பத்தை நீட்டிக்கொண்டு ஐயர் காத்திருந்தார். அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனுக்கு வோணாம் அய்யரே" என்றாள்.

அம்மா தலையணையில் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "கைய நீட்டுடி" என்றாள். "இது உனுக்கு."